கஷ்டமான கேம் ஏன் பிடித்துப்போகிறது? முடிவில்லா ஆன்லைன் ஆட்டங்களுக்கு ஓர் எளிய அறிமுகம்

ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற ஆன்லைன் கேமில் ஒரு திறனுக்கு உச்ச லெவல் 99. அதை எட்ட 1,30,34,431 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) சேர்க்க வேண்டும். 92ஆம் லெவலைத் தொடும்போது கையில் இருப்பது அதில் பாதிதான். ‘இன்னும் ஏழே லெவல்’ என்று தோன்றும் இடத்தில், அதுவரை வந்த தூரம் அத்தனையும் இன்னொரு முறை போகக் கிடக்கிறது. இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டேதான் ஆடுகிறார்கள். 99 வந்த பிறகும் எண் நிற்பதில்லை. 20 கோடி வரை ஏறும். அங்கே புதிதாக எந்தச் சக்தியும் கிடைக்காது. ஆனாலும் போகிறவர்கள் போகத்தான் செய்கிறார்கள்.

வெளியே இருந்து பார்ப்பவருக்கு இது சம்பளமில்லாத வேலையாகத் தெரிவதில் வியப்பில்லை. உள்ளே இருப்பவருக்கு ஏன் அப்படித் தெரிவதில்லை? கிடைத்தது கிடைக்காமலும் போயிருக்கலாம், கிடைத்ததன் அருமை தெரிந்த மனிதர்கள் பக்கத்தில் இருக்கிறார்கள் என்ற இரண்டும் சேர்ந்தால்தான் இந்த வகை ஆட்டம் ருசிக்கும். ஒன்று குறைந்தாலும் மிஞ்சுவது வெறும் உழைப்பு. இது எப்படி நடக்கிறது, எங்கே பிசகுகிறது என்று பார்க்கலாம்.

எந்த வகை ஆட்டம் இது

கதை சொல்லும் கேமுக்குக் கடைசிக் காட்சி உண்டு. விண்வெளிக் கப்பல்களை ஓட்டும் ஈவ் ஆன்லைன், வெறுங்கையோடு தொடங்கி உயிர்பிழைக்கும் ரஸ்ட், மைன்கிராஃப்ட் சர்வைவல் சர்வர்கள் போன்றவற்றுக்குக் கிடையாது. மைன்கிராஃப்டில் எண்டர் டிராகனைக் கொன்றால் திரையில் எழுத்துகள் ஓடும் என்பது உண்மைதான். ஓடி முடிந்ததும் உங்களைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டு உலகம் பாட்டுக்குத் தொடரும். பொதுச் சர்வரில் நீங்கள் வெளியேறிய பின்னும் உலகம் ஓடிக்கொண்டிருக்கும். அடுத்து என்ன செய்வது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். உங்கள் திட்டத்தைக் கெடுக்க நினைக்கும் இன்னொரு மனிதர் எங்கோ இருப்பார்.

இவற்றைச் சேண்ட்பாக்ஸ் என்பார்கள். வழியைப் போட்டு வைத்து, படிப்படியாகக் கூட்டிப்போகும் கேம்கள் தீம் பார்க். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் பெரும்பாலும் தீம் பார்க் வகைதான். ஆனால் அதன் ரெய்டுகளில் (பலர் குழுவாகச் சேர்ந்து பெரிய எதிரியை வீழ்த்தும் சண்டைகளில்) நாம் பேசப்போகும் குணங்கள் நிறைய உண்டு என்பதால் அதையும் சேர்த்துக்கொள்கிறோம்.

மூளை எதைக் கணக்கு வைக்கிறது

நரம்பியல் ஆய்வாளர் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளின் மூளையில் டோபமின் சுரக்கும் நரம்பணுக்களின் துடிப்பைப் பதிவு செய்தார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் துடிப்பு ஏறியது. ஒரு சைகைக்குப் பிறகு சாறு வரும் என்று குரங்கு கற்றுக்கொண்ட பின், துடிப்பு சைகைக்கு இடம் மாறியது. சாறு வரும்போது ஒன்றுமில்லை. சைகை வந்தும் சாறு வராவிட்டால், வழக்கமான துடிப்பும் அந்தக் கணத்தில் தாழ்ந்தது. 1997இல் பீட்டர் டயான், ரீட் மான்டேக் ஆகியோருடன் சேர்ந்து அவர் இதைத் தொகுத்துச் சொன்னார். இந்த அணுக்கள் குறித்துக்கொள்வது, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை.

ஆட்டத்துக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். பத்துக்குப் பத்து முறையும் நீங்கள் வெல்லும் எதிரி சீக்கிரமே சலித்துப்போவான். வெற்றியில் செய்தியே இல்லை. பத்துக்குப் பத்தும் நீங்கள் தோற்கும் எதிரியிடமும் செய்தி இல்லை. இரண்டுக்கும் நடுவில், முடிவு தெரியாத இடத்தில்தான் ஒவ்வொரு முயற்சியும் எதையோ சொல்கிறது. உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயி 1970களிலேயே வேறு பக்கத்திலிருந்து இதே இடத்துக்கு வந்திருந்தார். சவால் திறமையை மீறினால் பதற்றம், திறமைக்குக் கீழே போனால் சலிப்பு, இரண்டும் ஒத்துப்போனால் நேரம் போவது தெரியாத ஈடுபாடு என்றார்.

போட்டி கேம்கள் இந்த நடு இடத்தைக் கணக்குப் போட்டுத் தருகின்றன. சதுரங்கத்துக்காக ஆர்பாட் எலோ வகுத்த முறையில் 100 தரப்புள்ளி அதிகம் உள்ளவர், ஆட்டங்களில் எடுக்கக்கூடிய புள்ளிகளில் 64 சதவீதத்தை எடுப்பார் என எதிர்பார்க்கப்படுகிறது. வித்தியாசம் 200 என்றால் 76, 400 என்றால் 91. அந்த வழியில் வந்த கணக்குகளை வைத்துத்தான் சர்வர் உங்களுக்கு இணையான எதிரியைத் தேடித் தருகிறது.

சேண்ட்பாக்ஸில் அப்படித் தேடித் தர ஆளில்லை. அங்கே கடினத்தைக் கூட்டிக் குறைக்கும் வேலையை வரைபடம் செய்கிறது. ஈவ் ஆன்லைனில் ஒவ்வொரு நட்சத்திர மண்டலத்துக்கும் ஒரு பாதுகாப்பு எண் உண்டு. 1.0 முதல் 0.5 வரை ஹைசெக். அங்கே காரணமின்றித் தாக்குபவரின் கப்பலைக் காவல்படை அழித்துவிடும். 0.4 முதல் 0.1 வரை லோசெக். 0.0வும் அதற்குக் கீழும் நல்செக். அங்கே சட்டம் என்பது கூட்டணிகள் வைத்ததுதான். புதியவர் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒன்று இதில் உண்டு. ஹைசெக் காவல்படை தாக்குதலைத் தடுக்காது, தாக்கியவரைத் தண்டிக்கும், அவ்வளவே. உங்கள் சரக்கின் மதிப்பு தாக்குபவர் இழக்கப்போகும் கப்பலின் விலையைத் தாண்டினால் ஹைசெக்கிலும் அடி விழும். சரக்கை இரண்டு மூன்று நடையாகப் பிரித்துக்கொண்டு போகிறவர்கள் இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டவர்கள்.

தோல்வியைப் படிக்க முடிகிறதா?

கடினம் என்பதாலேயே ஒரு கேம் பிடித்துவிடாது. இதைச் சொல்லியே ஆகவேண்டும். ஏனென்றால் மோசமாக வடிவமைத்த கேமைக்கூட ‘ஹார்ட்கோர்’ என்று விற்கும் பழக்கம் இருக்கிறது. நல்ல கடினத்தை அடையாளம் காண ஒரு கேள்வி போதும்: தோற்றதற்குக் காரணத்தை ஒரு நிமிடத்துக்குள் உங்களால் சொல்ல முடிகிறதா?

ஈவில் கப்பல் வெடித்ததும் கில்மெயில் என்ற பதிவு வரும். யார் யார் சுட்டார்கள், எந்த ஆயுதம், ஒவ்வொருவர் கொடுத்த சேதம் எவ்வளவு, உங்கள் கப்பலில் பொருத்தியிருந்தவற்றில் எது அழிந்தது, எது எதிரிக்குக் கிடைத்தது, எந்த இடம், எத்தனை மணி எல்லாம் அதில் இருக்கும். அனுபவசாலி ஒருவரிடம் இதைக் காட்டினால் போதும், பாதிப் பாடம் நடந்துவிடும். கவசத்தையும் கேடயத்தையும் சேர்த்துப் பொருத்தி இரண்டையும் அரைகுறையாக்குவது தொடக்கக்காரர்களிடம் அடிக்கடி தென்படும் தவறு. கில்மெயிலில் அது முதல் பார்வையிலேயே தெரியும்.

ரெய்டில் இந்த வேலையைப் பாஸின், அதாவது அந்தப் பெரிய எதிரியின், மிஞ்சிய உயிர்ச் சதவீதம் செய்கிறது. முதல் நாள் 70 சதவீதத்தில் எல்லோரும் செத்து விழுந்தீர்கள். அடுத்த நாள் 40, பிறகு 22, பிறகு 5. கணக்குப்படி எல்லாமே தோல்விதான், ஆனால் எதுவுமே வீண் என்று யாருக்கும் தோன்றாது. ஒரே இடத்தில், ஒரே எண்ணில் பத்து முயற்சி நின்றுவிட்டால் மட்டும் கவனியுங்கள். ஆளுக்கு ஆள் கோபம் ஏறத் தொடங்குவது அப்போதுதான். தேவை இன்னொரு முயற்சி அல்ல, சண்டைப் பதிவைத் திறந்து கடைசிப் பத்து நொடியில் முதலில் செத்தது யார், எதனால் என்று பார்ப்பது. பெரும்பாலும் பழி கடைசியில் விழுந்தவர்மேல் போகும். காரணம் முதலில் விழுந்தவரிடம் இருக்கும்.

லேக் வந்து, அதாவது சர்வர் தாமதித்து, தோற்றால் இந்தப் பாடம் எதுவும் நடக்காது. அதனால்தான் பெரிய சண்டைகளில் ஈவ் சர்வர் காலத்தையே மெதுவாக்குகிறது. வேகம் பத்தில் ஒரு பங்கு வரை இறங்கும். ஒரு நொடி பத்து நொடியாக இழுக்கும், எரிச்சல்தான். ஆனால் கட்டளைகள் வரிசை தவறாமல் நிறைவேறும். தோற்றது எதிரியிடம், சர்வரிடம் அல்ல என்று ஏற்றுக்கொள்ள முடிவது அதனால்தான்.

இழக்க ஒன்று இருக்க வேண்டும்

2014 ஜனவரி 27 அன்று ஈவில் பி-ஆர்5ஆர்பி என்ற மண்டலத்தின் உரிமைக் கட்டணம் கட்டப்படாமல் போனது. ஒரு கூட்டணி தன் முக்கிய முகாமை அப்படிக் கைவிட, எதிரணி பாய்ந்து பிடிக்க, சுமார் 21 மணி நேரச் சண்டை மூண்டது. ஆயிரக்கணக்கானோர் ஆடினர். கேமின் மிகப்பெரிய கப்பல்களான டைட்டன்கள் 75 அழிந்தன. அப்போது ஒரு டைட்டனைக் கட்டப் பல வாரம், ஓட்டக் கற்கப் பல மாதம், அதுவும் நிஜ நாள்காட்டியில். அழிந்தவை திரும்ப வரவில்லை. நஷ்டத்தை நிஜப் பணத்தில் சொன்னால் சுமார் 3 லட்சம் டாலர் என்று மதிப்பிடப்பட்டது.

1979இல் டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் காட்டியபடி, அதே அளவு லாபம் தரும் மகிழ்ச்சியை விட நஷ்டம் தரும் வலி பெரிது. அப்படியானால் இழப்புள்ள கேமை விட்டு எல்லோரும் ஓடியிருக்க வேண்டாமா? வலி பெரிது என்பதால்தான் கவனமும் பெரிதாகிறது. மைன்கிராஃப்டில் செத்தால் கையிலிருந்த பொருள்கள் செத்த இடத்திலேயே சிதறும். அந்தப் பகுதி இயங்கிக்கொண்டிருந்தால் 5 நிமிடத்தில் மறைந்துவிடும். முழு இரும்புக் கவசத்துக்கு 24 கட்டி இரும்பு வேண்டும். தலைக்கு 5, மார்புக்கு 8, காலுக்கு 7, பாதத்துக்கு 4. அந்த 24 கட்டியைத் தோண்டி உருக்கிய நேரமும், திரும்பி ஓட இருக்கும் 5 நிமிடமும் சேர்ந்துதான் ஒரு சாதாரண இருட்டுக் குகையைப் பயமுள்ள இடமாக்குகின்றன. சாவில் எதுவும் போகாது என்று அமைப்பை மாற்றிவிட்டு அதே குகைக்குள் போய்ப் பாருங்கள். அது வெறும் கல்.

இழப்பின் அளவு தவறினால் ஆள் போய்விடுவார், அதுவும் உண்மை. 1997இல் வந்த அல்டிமா ஆன்லைனில் காவலர் உள்ள ஊர்களுக்கு வெளியே யார் வேண்டுமானாலும் யாரையும் கொல்லலாம் என்ற நிலை இருந்தது. 2000இல் உலகத்தை இரண்டாக்கி, சம்மதமின்றிச் சண்டை நடக்காத டிராமெல் என்ற பகுதியைத் தந்தார்கள். பெரும்பாலோர் அங்கே குடிபெயர்ந்தனர். மிஞ்சியவர்கள் அது விளையாட்டின் உயிரை எடுத்துவிட்டது என்று இன்றுவரை வாதாடுகிறார்கள். இரண்டு பக்கமும் சரி என்றே சொல்ல வேண்டும்; ஒரே அளவு இழப்பு எல்லோருக்கும் பொருந்தாது.

ரஸ்ட் இதற்கு வேறு தீர்வு வைத்திருக்கிறது. ஒவ்வொரு மாதமும் முதல் வியாழனன்று கட்டாய வைப். கட்டிய கோட்டை, சேர்த்த துப்பாக்கி எல்லாம் போய், எல்லோரும் ஒரு கல்லும் ஒரு தீப்பந்தமும் ஏந்திக் கடற்கரையில் நிற்பார்கள். புதியவர்கள் சேரச் சிறந்த நாளும் அதுவே. பழைய கூட்டத்துக்கும் உங்களுக்கும் அன்று இடைவெளி மிகக் குறைவு.

ரஸ்டில் இன்னொன்று. நீங்கள் வெளியேறினாலும் உங்கள் உடல் உலகத்தில் தூங்கிக்கொண்டு கிடக்கும். அதனால் முதல் நாள் வேலை துப்பாக்கி தேடுவதல்ல. ஒற்றை அறை கட்டி, உள்ளே டூல் கப்போர்டு வைத்து, பராமரிப்புக்கான மரமும் கல்லும் அதில் போட வேண்டும். போடாவிட்டால் சுவர் தானாகவே சிதையும். வாசலுக்கு ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு கதவு. ஒன்றைத் திறக்கும்போது மற்றது மூடியிருந்தால், வெளியே பதுங்கியிருப்பவர் உங்களைச் சுட்டுவிட்டு நேராக உள்ளே நுழைய முடியாது. இன்னொரு படுக்கைப் பையைக் கொஞ்சம் தள்ளிப் புதரில் மறைத்து வையுங்கள், வீடு போனாலும் உயிர்த்தெழ இடம் இருக்கும்.

இழப்பைத் தாங்கும் வழி ஈவ் ஆட்டக்காரர்கள் எல்லோரும் சொல்லும் ஒரு விதியில் இருக்கிறது: இழந்தால் தாங்காத கப்பலை ஓட்டாதே. ஓட்டும் கப்பலைப் போல இன்னும் மூன்று வாங்கக் கையில் பணம் இருந்தால் சண்டையில் கை நடுங்காது. கடைசிக் காசையும் ஒரே கப்பலில் போட்டவர் அதை நிலையத்தை விட்டு வெளியே எடுக்கவே மாட்டார். பல புதியவர்களின் ஆட்டம் இங்கேதான் நின்றுபோகிறது.

இலக்கு யாருடையது

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயான் ஆகியோரின் உளவியல் கோட்பாடு மூன்று தேவைகளைச் சொல்கிறது. தானே தேர்ந்தெடுப்பது, தேர்ச்சி பெறுவது, பிறரோடு இணைந்திருப்பது. 2006இல் ரயான், ஸ்காட் ரிக்பி, ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கி மூவரும் இதை வீடியோ கேம்களில் சோதித்தார்கள். இந்தத் தேவைகள் நிறைவேறும் அளவைப் பொறுத்தே ஆட்டம் இனிப்பதும், திரும்ப வரத் தோன்றுவதும் அமைந்தது.

தேர்ந்தெடுப்பது ஏன் முக்கியம் என்பதற்குக் கேமே இல்லாத ஒரு பழைய சோதனை உண்டு. 1973இல் மார்க் லெப்பர் குழுவினர், படம் வரைய ஆசைப்படும் மழலைப் பள்ளிக் குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம் வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், அந்தக் குழந்தைகள் தாமாக வரைவது மற்றவர்களைக் காட்டிலும் ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. தினமும் உள்ளே வந்தால் இத்தனை காசு, ஐந்து வேலை முடித்தால் ஒரு பெட்டி என்று கேம்கள் வைக்கும் தினசரிப் பட்டியல்கள் இதே வேலையைத்தான் செய்கின்றன. ஆட்டக்காரரே அதை ‘டெய்லி முடிக்கணும்’ என்று அலுத்துக்கொண்டு சொல்வார்.

சுதந்திரத்துக்கும் விலை உண்டு. வழிகாட்டல் முடிந்ததும் ‘இப்போ என்ன பண்றது’ என்று நின்று, அத்தோடு விட்டுவிடுபவர்கள் மிக அதிகம். இதற்கு உதவுவது மூன்று அளவில் இலக்கு வைத்துக்கொள்வது. இன்று ஒரே அமர்வில் முடிவது ஒன்று, இரண்டு வாரத்தில் முடிவது ஒன்று, தனியாளாக முடியவே முடியாதது ஒன்று. மைன்கிராஃப்ட் சர்வரில் முதலாவது அந்த 24 கட்டி இரும்பு. இரண்டாவது நெதர் என்ற ஆபத்தான நெருப்புலகத்துக்குப் போய் உயிரோடு திரும்பும் பாதை. மூன்றாவது நாலு பேர் சேர்ந்து கட்டும் ஊர். மூன்றாவதை முதல் நாளே தொடங்குவதுதான் வழக்கமான பிழை. நாற்பது கட்டி மரத்தோடு அரண்மனை ஆரம்பித்து, பாதிச் சுவரில் ஆள் காணாமல் போயிருப்பார். எந்தச் சர்வரிலும் அப்படிப்பட்ட சுவர்கள் நிறைய நிற்கும்.

பார்க்க ஆள் வேண்டும்

எவர்குவெஸ்ட் என்ற ஆன்லைன் கேமில் கெராஃபிர்ம் என்ற டிராகனை யாரும் கொல்ல முடியாதபடி வடிவமைத்திருந்தார்கள். 2003 நவம்பரில் ராலோஸ் ஜெக் சர்வரில், வழக்கமாக ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ளும் கில்டுகள் (ஆட்டக்காரர் குழுக்கள்) கைகோத்து அதன்மேல் இறங்கின. முதல் முயற்சியை நிர்வாகம் இடையில் புகுந்து கலைத்தது. எதிர்ப்பு கிளம்பவே மறுவாய்ப்பு தந்தது. மூன்று மணி நேரத்துக்கு மேல் அடித்து, செத்தவர்களை எழுப்பி எழுப்பி அனுப்பி, கடைசியில் கொன்றே விட்டார்கள். லூட், அதாவது பரிசுப் பொருள், எதுவும் விழவில்லை. இன்றும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள்.

அந்த நூற்றுக்கணக்கானோர் பெற்றது, தாங்கள் செய்தது எவ்வளவு கடினம் என்று அறிந்த ஒரு சர்வர் முழுக்க உள்ள மனிதர்களை. ஒரு அரிய வாளின் மதிப்பும் இதே இடத்திலிருந்துதான் வருகிறது. அதை எடுக்க எத்தனை வாரம் போகும் என்று பார்ப்பவருக்குத் தெரியும். அதே வாளைப் பணம் கொடுத்துக் கடையில் வாங்கலாம் என்று நிறுவனம் அறிவித்த மறுநாள், உழைத்து எடுத்தவரின் வாளும் சேர்ந்து மதிப்பிழக்கும். காசு கொடுத்தால் ஜெயிக்கலாம் என்ற முறையை ஆட்டக்காரர்கள் அத்தனை கோபத்தோடு எதிர்ப்பது கஞ்சத்தனத்தால் அல்ல.

மனிதர்கள் இருந்தால் தொல்லையும் உண்டு. 1978இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷாவோடு சேர்ந்து, எழுத்து மட்டுமே கொண்ட மட் என்ற கூட்டு விளையாட்டை எழுதிய ரிச்சர்ட் பார்ட்டில், 1996இல் ஆட்டக்காரர்களை நான்கு வகையாகப் பிரித்தார். சாதிக்க வருபவர், சுற்றிப்பார்க்க வருபவர், பழக வருபவர், பிறரை மடக்க வருபவர். நான்காம் வகை பெருகினால் பழக வருபவர்கள் முதலில் ஓடுவார்கள் என்பது அவர் கணிப்பு. வெறிச்சோடிப்போன சர்வர் பலவற்றின் கதையும் இதுதான்.

புதியவருக்கு இதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. ஈவில் சில நாள் மட்டுமே ஆடியவர்கூட, விலை குறைந்த ஃப்ரிகேட் என்ற சிறு கப்பல் ஒன்றில் வார்ப் ஸ்கிராம்ப்ளர் பொருத்தி, ஒரு பெரிய கப்பல் தப்பியோடாமல் பிடித்து வைக்கலாம். அழிக்கும் வேலையைக் கூட்டாளிகள் செய்வார்கள். அவரது ஃப்ரிகேட் வெடித்துப் போகும், ஆனால் கில்மெயிலில் பெயர் இருக்கும். பத்து வருடம் ஆடியவர் பக்கத்தில் முதல் வாரமே பயனுள்ளவராக இருப்பதைப் போல ஆளைப் பிடித்துப்போடுவது வேறில்லை.

கூட்டத்தில் சேரும்முன் சிலவற்றைக் கேட்டுவிடுங்கள். பெரும்பாலோர் எந்த நேரத்தில் ஆடுகிறார்கள்? உங்கள் நேரத்தோடு பொருந்தாவிட்டால் எத்தனை நல்ல குழுவும் வெறும் பெயர்ப்பட்டியல்தான். குழுவுக்காகப் போய் இழந்த கப்பலுக்கு ஈடு தருவார்களா? குரல் அரட்டையில் பேசாமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கலாமா? தோற்ற பிறகு அவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்பதை ஒருமுறை கூடவே போய்க் கேட்டால்தான் தெரியும். ‘யாரால போச்சு’ என்று தொடங்கும் குழுவில் நீங்கள் எதையும் கற்க மாட்டீர்கள்.

போலி இனிப்பு

இத்தனையும் இல்லாமலே ஒரு கேம் ஆளைக் கட்டிப்போட முடியும். எத்தனையாவது அழுத்தலில் பரிசு விழும் என்று தெரியாதபடி வைத்தால் அழுத்துவது நிற்காது என்று பி. எஃப். ஸ்கின்னர் புறாக்களை வைத்து எப்போதோ காட்டிவிட்டார். திறக்கும்வரை உள்ளே என்ன என்று தெரியாத பரிசுப் பெட்டியான லூட் பாக்ஸ் அந்த வழியில் வந்தது. அங்கேயும் முடிவு தெரியாதுதான், டோபமின் துடிக்கத்தான் செய்யும். ஆனால் பத்தாவது பெட்டியைத் திறக்கும்போது முதல் பெட்டியைத் திறந்ததை விட நீங்கள் தேர்ந்தவராக ஆகியிருக்க மாட்டீர்கள்.

உங்கள் கேம் எந்தப் பக்கம் என்று அறிய, நேற்று ஆடியதை நினைத்துப் பாருங்கள். ‘அந்த வாசலில் திரும்பியிருக்கக் கூடாது’ என்பதுபோல ஒரு முடிவு நினைவுக்கு வந்தால் சரி. எத்தனை பெட்டி, எத்தனை எக்ஸ்பி என்ற எண் மட்டுமே வந்தால், அல்லது இன்று போகாவிட்டால் தொடர்வருகைப் பரிசு அறுந்துவிடும் என்ற கவலை மட்டுமே வந்தால், அந்த வாரம் தினசரிப் பட்டியலைத் தொடாமல் ஆடிப் பாருங்கள். அப்போதும் உள்ளே போகத் தோன்றுகிறதா என்பதில் விடை இருக்கிறது. ஆட்டத்தின் மீது கட்டுப்பாடு போய், மற்ற எல்லாவற்றையும் விட அதுவே முன்னால் வந்து, கெடுதல் தெரிந்தும் தொடர்ந்தால் அது வேறு விஷயம். 2022 முதல் நடைமுறையில் உள்ள உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 பட்டியல் அதைக் கேமிங் கோளாறு என்று குறிக்கிறது. வழக்கமாக 12 மாதமாவது நீடித்த பிறகே அப்படி முடிவு செய்வார்கள். தினமும் இரண்டு மணி நேரம் ஆடுவது என்பது மட்டுமே அந்த வரையறைக்குள் வராது.

வெளியேறுவதைத் தண்டிக்காத அமைப்பு உள்ள கேமைத் தேர்ந்தெடுப்பது தொடக்கத்திலேயே செய்யக்கூடிய ஒன்று. ஈவில் திறன் பயிற்சி நீங்கள் இல்லாதபோதும் வரிசைப்படி ஓடிக்கொண்டிருக்கும். ரஸ்டில் அப்படியல்ல, தூங்கும் உடலைத் தேடி ஆள் வரலாம். வாரத்துக்கு நாலு மணி நேரம்தான் உண்டு என்றால் முதலாவதில் சேருங்கள். ரஸ்ட்தான் வேண்டும் என்றால் ஆள் எண்ணிக்கை குறைவாகவும், ஆட்டக்காரர் இல்லாத நேரத்தில் வீட்டை உடைக்கத் தடை உள்ளதாகவும் ஒரு சமூகச் சர்வரைத் தேடி, வைப் நடந்த அன்றே நுழையுங்கள்.